முடிவைத் தள்ளிப்போடும் ப்ராஜெக்ட் மேனேஜரோடு ஒரு பெரிய ப்ரோக்ராமை நகர்த்துவது எப்படி? முழுமையான வழிகாட்டி

ஒரு வங்கி தன் பழைய மென்பொருளிலிருந்து புதியதற்கு மாறிய ப்ரோக்ராம் அது. உள்ளே 7 ப்ராஜெக்ட். அவற்றில் பழைய தகவல்களைப் புது மென்பொருளுக்குக் கொண்டுபோகும் டேட்டா மைக்ரேஷனைப் பார்த்துக்கொண்ட மேனேஜரிடம் ஒரே ஒரு கேள்வி 23 நாள் நின்றது. வாடிக்கையாளரின் பழைய 11 இலக்கக் கணக்கு எண்ணையே தொடர்வதா, அல்லது 14 இலக்கத்தில் புது எண் கொடுத்துவிட்டு பழையதைப் பின்னணியில் ஒரு மேப்பிங் டேபிளில், அதாவது எந்தப் பழைய எண்ணுக்கு எந்தப் புது எண் என்று காட்டும் பட்டியலில், இணைப்பதா?

புதன்கிழமைதோறும் நடக்கும் கூட்டத்தில் அவர் சொல்லும் பதில் மாறவே இல்லை: “பார்த்துக்கிட்டிருக்கோம் மேடம், ரெண்டு நாள்ல சொல்லிடுறேன்.” அவருடைய ஸ்டேட்டஸ் ரிப்போர்ட் ‘எல்லாம் சரி’ என்று பச்சையில் இருந்தது. அதில் பொய் எதுவும் இல்லை. அந்த முடிவு இல்லாமலே செய்ய அவர் டீமுக்கு வேறு வேலை நிறைய இருந்தது. ஆனால் ஏடிஎம் ஸ்விட்ச், மொபைல் ஆப், காசோலை அச்சு, கணக்கிலிருந்து மாதத் தவணையைத் தானாகப் பிடிக்க வாடிக்கையாளர் கொடுக்கும் அனுமதியான நாச் மேண்டேட் என்று நான்கு டீம்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. மேண்டேட் என்பது கணக்கு எண்ணை வைத்துப் பதிவானது. எண் மாறினால் பழைய எண்ணுக்கு வரும் ஒவ்வொரு தவணைக் கோரிக்கையையும் புது எண்ணுக்குத் திருப்பிவிட வேண்டும். எந்தப் பக்கம் என்று தெரியாமல் அந்த டீம் ஒரு வரி மென்பொருள் கோடு (code) எழுத முடியாது.

ப்ரோக்ராமில் முடிவு தாமதமாவதன் தனித்தன்மையே இதுதான். தாமதம் ஒரு வீட்டில், நஷ்டம் பக்கத்து வீட்டில். தாமதிக்கும் மேனேஜருக்கு வலி தெரியாது, வலி தெரிந்தவர்களுக்கு அவரைக் கேட்கும் அதிகாரம் கிடையாது. நடுவில் நிற்கும் ப்ரோக்ராம் மேனேஜர் அல்லது எல்லா ப்ராஜெக்ட்டையும் மேற்பார்க்கும் அலுவலகமான பிஎம்ஓதான் இதைப் பிடிக்க வேண்டும். அந்த 23 நாளில் நான் செய்த தவறுகளிலிருந்தும், பிறகு வேறு ப்ரோக்ராம்களில் பழகிக்கொண்டவற்றிலிருந்தும் இதை எழுதுகிறேன்.

படி 1: அது உண்மையில் யார் எடுக்க வேண்டிய முடிவு என்று பாருங்கள்

நான் மூன்று வாரம் ரிமைண்டர் மெயில்தான் அனுப்பிக்கொண்டிருந்தேன். முதலில் ‘ஜென்டில் ரிமைண்டர்’, அடுத்து ‘செகண்ட் ரிமைண்டர்’, அதற்கடுத்து அவருடைய மேலதிகாரியை சிசியில் போட்டு ஒன்று. எதுவும் நகரவில்லை. கடைசியில் ஒரு சாயங்காலம் அவர் கேபினுக்கே போய் உட்கார்ந்தேன். டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, டிராயரிலிருந்து ஒரு நீல நிற ஃபைலை எடுத்துத் திறந்தார். உள்ளே இரண்டு குறிப்புகள். ஆபரேஷன்ஸ் துறை பழைய எண்ணே தொடர வேண்டும் என்று எழுதியது ஒன்று. ஐடி துறை புது எண்தான் சரி என்று எழுதியது இன்னொன்று. இரண்டிலும் அந்தந்தத் துறை ஜெனரல் மேனேஜரின் கையெழுத்து.

“இதுல நான் எந்தப் பக்கம் போனாலும் நாளைக்கு ஆடிட்ல என் பேர்தான் மேடம் வரும்,” என்றார்.

அவர் முடிவைத் தள்ளிப்போடவில்லை. அந்த முடிவு அவருடையதே இல்லை. இரண்டு பெரியவர்கள் பேசித் தீர்க்க வேண்டியதை அவர்களுக்கு இரண்டு படி கீழே உள்ள ஒருவர் தலையில் வைத்துவிட்டு, “ஏன் இன்னும் முடிக்கவில்லை” என்று நாங்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தோம். முதல் வாரமே நேரில் போயிருந்தால் இது தெரிந்திருக்கும்.

அதனால் மெயிலுக்கு முன்னால் நேரில் போங்கள். தனியாகப் பேசுங்கள், 20 பேர் இருக்கும் கான்ஃபரன்ஸ் காலில் வேண்டாம். “ஏன் தாமதம்” என்று கேட்டால் தற்காப்புதான் பதிலாக வரும். நான் கேட்பது இப்படி: “நாளைக்குக் காலைல இதை முடிச்சே ஆகணும்னா, உங்களுக்கு யார் வேணும், எது வேணும்?”

வரும் பதிலில் காரணம் வெளிப்பட்டுவிடும். “ஜிஎம் ரெண்டு பேரும் ஒத்துக்கணும்” என்றால் அதிகாரம் இல்லை. “வெண்டர் இன்னும் வால்யூம் கணக்கு தரல” என்றால் தகவல் இல்லை. “போன வாட்டி இப்படித்தான் ஓகே சொல்லி மாட்டிக்கிட்டேன்” என்றால் பயம். “எதைச் சொல்றீங்க, எந்த மெயில்?” என்றால் அந்த மனிதர் மூன்று ப்ராஜெக்ட்டை ஒரே நேரத்தில் சுமந்துகொண்டிருக்கிறார், உங்கள் கேள்வி அவர் கண்ணிலேயே படவில்லை. அதிகாரம் இல்லாதவருக்கு ரிமைண்டர் அனுப்புவது கொடுமை. பயப்படுபவருக்குக் கூடுதல் தகவல் கொடுத்தால் அவர் இன்னும் தாமதிப்பார், படிக்க இன்னும் ஒன்று கிடைத்துவிட்டதே. காரணத்துக்கு ஏற்ற வைத்தியம்தான் வேலை செய்யும்.

நானே காரணமா என்பதையும் இதே இடத்தில் பார்த்துவிட வேண்டும். ப்ரோக்ராம் தரப்பிலிருந்து பட்ஜெட் ஒப்புதலோ ஸ்கோப் உறுதியோ போகாமல் பல முடிவுகள் கீழே தேங்கி நிற்கின்றன. மேனேஜர் மரியாதைக்காக அதைச் சொல்லாமல் இருப்பார்.

படி 2: முடிவுகளுக்கென்று தனிப் பதிவேடு

ரிஸ்க், இஷ்யூ எல்லாம் போடும் அதே ஷீட்டில் முடிவுகளையும் போட்டால் காணாமல் போய்விடும். தனி ஷீட் வையுங்கள். அதில் கேள்வியை எழுதும் விதம்தான் முக்கியம். ‘கணக்கு எண் வடிவம் – முடிவு நிலுவை’ என்று எழுதினால் யாருக்கும் எதுவும் விளங்காது. நான் இப்போது எழுதுவது இப்படி:

கேள்வி: கணக்கு எண் பழைய 11 இலக்கமா, புதிய 14 இலக்கமா?
வழி அ: பழைய எண் தொடரும். வழி ஆ: புது எண், மேப்பிங் டேபிளோடு.
முடிவெடுப்பவர்: ஒருவர் பெயர். துறையின் பெயர் எழுதக் கூடாது, இரண்டு பெயரும் கூடாது.
காத்திருப்பவர்கள்: ஏடிஎம், ஆப், காசோலை, மேண்டேட்.
கேட்கும் தேதி, கடைசித் தேதி.
பதில் வராவிட்டால்: என்ன செய்வோம்.

‘காத்திருப்பவர்கள்’ என்ற அந்த ஒரு வரிக்காகவே இந்தப் பதிவேட்டை வைக்கலாம். பக்கத்து வீட்டு நஷ்டம் தாமதிப்பவர் கண்ணுக்குத் தெரிவது அங்கேதான். பத்துப் பதினைந்து வரிக்கு மேல் போக விடாதீர்கள். ஒரே ப்ராஜெக்ட்டுக்குள் முடிந்துபோகும் முடிவுகள் அந்த மேனேஜரின் சொந்த விஷயம், அவற்றை இங்கே இழுக்க வேண்டியதில்லை.

படி 3: கடைசித் தேதியைக் கணக்குப் போட்டு எடுங்கள்

‘சீக்கிரம்’, ‘அவசரம்’, ‘இந்த வாரத்துக்குள்’ எல்லாம் தேதி இல்லை. கணக்கோடு வரும் தேதியை மட்டும்தான் மனிதர்கள் மதிப்பார்கள்.

2025 காலண்டரை எடுத்துக்கொள்வோம். பயன்படுத்தப் போகிறவர்களே சோதித்துப் பார்க்கும் யூஏடி நவம்பர் 3, திங்கட்கிழமை தொடங்க வேண்டும். முடிவு வந்த பிறகு டிசைன் ஆவணத்துக்கு 4 வேலை நாள், மேப்பிங் கோடுக்கு 12, ஒருங்கிணைந்த சோதனைக்கு 6, டெஸ்ட் டேட்டா லோடுக்கு 5. மொத்தம் 27 வேலை நாள். அக்டோபரில் வார நாட்கள் 23. அதில் ஆயுத பூஜை 1ஆம் தேதி, காந்தி ஜெயந்தி 2ஆம் தேதி, தீபாவளி 20ஆம் தேதி போய்விட்டால் மீதி 20. இன்னும் 7 நாள் செப்டம்பரிலிருந்து எடுக்க வேண்டும். அப்படியானால் டிசைன் வேலை செப்டம்பர் 22, திங்கட்கிழமை தொடங்கியாக வேண்டும். முடிவு கையில் இருக்க வேண்டிய கடைசி நாள் செப்டம்பர் 19, வெள்ளிக்கிழமை.

நவம்பரில் யூஏடி என்றதும் எல்லோரும் ‘அக்டோபர் நடுவில் பார்த்துக்கொள்ளலாம்’ என்றுதான் நினைப்பார்கள். பண்டிகை நாட்களை எண்ணிக் காட்டி செப்டம்பர் 19 என்று சொல்லும்போது முகம் மாறும். கணக்கு முழுவதையும் மேனேஜரிடம் காட்டுங்கள். முடிந்தால் அவரோடு உட்கார்ந்தே போடுங்கள். அவரே போட்ட கணக்கை அவர் மறுக்க மாட்டார்.

கேட்கும் தேதி கடைசித் தேதிக்கு ஒரு வாரம் முன்னதாக இருக்கட்டும். ஆனால் இரண்டு தேதியையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்: “12ஆம் தேதி வேணும் சார், 19 தாண்டினா யூஏடி நகரும்.” பத்து நாள் ஒளித்து வைத்துக்கொண்டு போலித் தேதி கொடுக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. ஒருமுறை அது வெளிப்பட்டால் பிறகு நீங்கள் கொடுக்கும் உண்மையான தேதியையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

இப்படிப் பின்னாலிருந்து எண்ணுவதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி 2018 ஏப்ரலில் தன் வாடிக்கையாளர்களைப் புது மென்பொருளுக்கு மாற்றியபோது பெரும் குழப்பம் ஏற்பட்டு, பலர் தங்கள் கணக்குக்குள்ளேயே நுழைய முடியாமல் தவித்தார்கள். 2022 டிசம்பரில் அந்த வங்கிக்கு 4 கோடியே 86 லட்சம் பவுண்டுக்கு மேல் அபராதம் விழுந்தது. அந்த மாற்றத்தைப் பற்றி நடந்த சுயேச்சையான ஆய்வு சுட்டிய குறைகளில் ஒன்று, வேலை முடிய வேண்டிய தேதியை முதலில் நிர்ணயித்துவிட்டு அதற்குள் அடங்கும்படி வேலைகளைப் பின்னாலிருந்து பொருத்தித் திட்டம் போட்டது. ஆகவே மேலே உள்ள 27 நாள் என்பது, வேலை செய்பவர்களே கொடுத்த எண்ணாக இருக்க வேண்டும். முடிவு தாமதமானதும் ‘சோதனையை 6 நாளிலிருந்து 3 ஆக்கிக்கொள்ளலாம்’ என்று தேதியைக் காப்பாற்ற முயன்றால், தாமதத்தின் விலையை வாடிக்கையாளர் தலையில் கட்டுகிறோம் என்று பொருள். முடிவு நகர்ந்தால் தேதி நகரும் என்று சொல்லும் துணிவு ப்ரோக்ராம் மேனேஜருக்கு வேண்டும்.

படி 4: முடிவெடுப்பதைச் சுலபமாக்குங்கள்

40 ஸ்லைடு அனுப்பிவிட்டு “உங்கள் கருத்துக்காக” என்று எழுதினால் அது மூட்டையோடு மூட்டையாகக் கிடக்கும். ஒரே பக்கம் போதும். அதில் கேள்வி, இரண்டு அல்லது மூன்று வழிகள், ஒவ்வொன்றிலும் யாருக்கு என்ன கஷ்டம், உங்கள் பரிந்துரை, தேதி. பரிந்துரை கட்டாயம் இருக்க வேண்டும். “நீங்களே சொல்லுங்க சார்” என்பது பணிவு மாதிரித் தெரிந்தாலும் சுமையை அவர் மேல் ஏற்றுவதுதான். ‘வழி ஆ-வைப் பரிந்துரைக்கிறேன், காரணம் இது’ என்று எழுதினால் அவர் ‘சரி’ அல்லது ‘வேண்டாம்’ என்று ஒரு வார்த்தையில் முடிக்கலாம்.

தாமதத்தின் விலையையும் அதே பக்கத்தில் எழுதுங்கள். முதலில் ரூபாயில் எழுதாதீர்கள். அந்த ரூபாய் எப்படி வந்தது என்று ஒரு வாரம் விவாதம் ஓடும். ஆட்களில் எழுதுங்கள்: ‘ஏடிஎம் டீமில் 4 பேர், ஆப் டீமில் 5 பேர், மேண்டேட் டீமில் 2 பேர் இந்த முடிவுக்காகக் காத்திருக்கிறார்கள். ஒரு நாள் தாமதத்துக்கு 11 ஆள்-நாள்.’ இதில் வாதாட ஒன்றுமில்லை.

பயம்தான் காரணம் என்றால் இந்தப் பக்கத்தில் இன்னொரு வரி சேருங்கள்: முடிவு எந்தத் தகவலின் அடிப்படையில், எந்த நாளில், யாரையெல்லாம் கேட்டு எடுக்கப்பட்டது. ஆடிட் பயம் உள்ளவருக்கு இந்த வரி ஒரு குடை. மூன்று மாதம் கழித்து யாராவது “ஏன் இப்படிச் செய்தீர்கள்” என்று கேட்டால் அவர் நினைவை நம்பி நிற்க வேண்டியதில்லை.

படி 5: பதில் வராவிட்டால் என்ன என்பதை முன்பே ஒப்புக்கொள்ளுங்கள்

‘19ஆம் தேதி மாலை 5 மணிக்குள் வேறு முடிவு வராவிட்டால் வழி ஆ என்று எடுத்துக்கொண்டு டிசைனைத் தொடங்குவோம்.’ இந்த ஒரு வாக்கியம் தாமதத்தின் குணத்தையே மாற்றிவிடுகிறது. அதுவரை பேசாமல் இருப்பதற்கு விலை கிடையாது. இப்போது பேசாமல் இருப்பதும் ஒரு முடிவு ஆகிவிடுகிறது.

ஆனால் இதைக் கண்டபடி பயன்படுத்தக் கூடாது. இந்த விதிக்கு ப்ரோக்ராம் தொடங்கும்போதே, அதை மேலிருந்து வழிநடத்தும் ஸ்டீயரிங் கமிட்டியில் ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். மேனேஜருக்கு அதை மெயிலில் மட்டும் சொல்லாமல் வாயாலும் சொல்லியிருக்க வேண்டும், அவர் லீவில் இருக்கும்போது கெடு முடிந்தால் அது திருட்டுத்தனம். திரும்ப மாற்ற முடியாத முடிவுகளுக்கு இது அறவே கூடாது. டிசைனைத் தொடங்கி நிறுத்தினால் சில நாள் வேலை வீண், அவ்வளவுதான். புது எண்ணோடு காசோலைப் புத்தகங்கள் அச்சாகி வாடிக்கையாளர் கைக்குப் போய்விட்டால் திரும்பி வர வழியில்லை. ரிசர்வ் வங்கி விதிகளைத் தொடும் விஷயங்களும் பாதுகாப்பு விஷயங்களும் அப்படித்தான். அவற்றுக்குக் கையெழுத்து வந்தே ஆக வேண்டும், வரும்வரை வேலை நிற்கட்டும்.

படி 6: அனுமானத்தை வைத்து வேலையைத் தொடருங்கள், ஆனால் அதை எழுதி வையுங்கள்

முடிவு வரும்வரை எல்லாரும் சும்மா இருக்க வேண்டும் என்றில்லை. அப்பல்லோ திட்டத்தில் நடந்தது எனக்கு இதில் பெரிய பாடம். விண்கலம் கட்டும் பொறுப்பை நாசா 1961 நவம்பரில் நார்த் அமெரிக்கன் ஏவியேஷன் நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டது. ஆனால் நிலவுக்கு எந்த முறையில் போவது என்ற முடிவு அப்போது ஆகவில்லை. நிலவின் சுற்றுப்பாதையில் தாய்க்கலத்தை நிறுத்திவிட்டு ஒரு சிறிய கலத்தில் இறங்குவது என்ற அறிவிப்பு 1962 ஜூலையில்தான் வந்தது. அந்த முறைக்கு இரண்டு கலங்கள் விண்வெளியில் இணைய வேண்டும். அதற்குள் வடிவம் பெற்றுவிட்ட தாய்க்கலத்தில் அந்த இணைப்பு வசதி இல்லை. அவர்கள் செய்த வேலையைத் தூக்கி எறியவும் இல்லை, எல்லாவற்றையும் நிறுத்தவும் இல்லை. அந்த வடிவத்தை ‘பிளாக் 1’ என்று பூமிச் சுற்றுப்பாதைச் சோதனைகளுக்கு ஒதுக்கினார்கள். இணைப்பு வசதியோடு நிலவுக்குப் போகும் ‘பிளாக் 2’-வைத் தனியாக வடிவமைத்தார்கள். தாமதத்தின் விலை இரண்டு வடிவங்களாக நின்றது. ஆனாலும் வேலை நிற்கவில்லை.

நம் உதாரணத்திலும் இதைச் செய்யலாம். கணக்கு எண்ணின் நீளத்தைக் கோடில் நேரடியாக எழுதாமல் ஒரு செட்டிங்கில் வைத்துவிட்டால் ஆப் டீம் திரைகளைக் கட்டத் தொடங்கலாம். எண் எதுவானாலும் மாறாத வேலை கொஞ்சமாவது இருக்கும், அதை முன்னுக்கு இழுங்கள். அனுமானத்தைப் பதிவேட்டில் எழுதி, அது தப்பானால் எத்தனை நாள் வேலை திரும்பச் செய்ய வேண்டும் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். எழுதாத அனுமானம்தான் பிறகு “யார் சொன்னது?” என்ற சண்டையாக வந்து நிற்கும்.

படி 7: எஸ்கலேஷன், முதுகுக்குப் பின்னால் இல்லாமல்

நம் ஊர் அலுவலகங்களில் எஸ்கலேஷன், அதாவது விஷயத்தை மேலே கொண்டுபோவது, என்றால் போட்டுக்கொடுப்பது என்று ஆகிவிட்டது. அந்தப் பெயரை மாற்ற ஒரே வழி, அதன் விதியை முதல் நாளே எல்லோரும் சேர்ந்து எழுதிக்கொள்வது. கேட்ட தேதி தாண்டினால் மேனேஜரோடு நேரில் பேச்சு. கடைசித் தேதிக்கு 3 நாள் முன்னால் அவருடைய ஸ்பான்ஸருக்கு, அதாவது அந்த ப்ராஜெக்ட்டுக்குப் பொறுப்பான மேலதிகாரிக்கு, தகவல். கடைசித் தேதியன்று ஸ்டீயரிங் கமிட்டி. யாருக்கும் இதில் சலுகையும் இல்லை, தண்டனையும் இல்லை.

மேலே போவதற்கு முன் அவரிடம் சொல்லிவிடுங்கள். நான் சொல்வது: “சார், நாளைக்கு இதை கமிட்டிக்குக் கொண்டுபோறேன். நீங்க எடுக்கலைன்னு சொல்லப்போறதில்ல, ரெண்டு துறையும் வேற வேற சொல்றதால அவங்க முடிவு பண்ணணும்னு கேட்கப்போறேன். நீங்களும் கூட வந்து எடுத்துச் சொல்லுங்க.” பல மேனேஜர்களுக்கு இதைக் கேட்டதும் நிம்மதிதான். கமிட்டியில் அவரே பேசட்டும். நீங்கள் ‘காத்திருப்பவர்கள்’ வரியையும் தேதிக் கணக்கையும் மட்டும் காட்டுங்கள்.

சிசியில் பெரியவர்களைப் போட்டுக்கொண்டே போவது எஸ்கலேஷன் ஆகாது. அதைப் படிக்கும் பெரியவருக்குத் தன்னிடம் என்ன கேட்கப்படுகிறது என்று தெரியாது, தாமதித்தவருக்கோ அவமானம் மட்டும் மிஞ்சும். அவரிடமிருந்து அடுத்த முடிவு இன்னும் தாமதமாகத்தான் வரும்.

படி 8: வந்த முடிவைப் பாதுகாத்துக்கொள்ளுங்கள்

முடிவு வந்த அன்றே, முடிந்தால் அந்த மணி நேரத்திலேயே, காத்திருந்த எல்லா டீமுக்கும் ஒரே மெயில். என்ன முடிவு, யார் எடுத்தார், எந்த நாள், என்ன காரணம். முடிவாகியும் மூன்று நாள் கழித்துதான் டீமுக்குத் தெரிந்தது என்ற கதைகளை நான் பார்த்திருக்கிறேன். அந்த மூன்று நாளுக்கு ப்ராஜெக்ட் மேனேஜரைக் குறை சொல்ல முடியாது, அது நம் கணக்கு. மறுபடி திறக்க வேண்டுமானால் புதுத் தகவல் வேண்டும், புது அபிப்பிராயம் போதாது என்று கமிட்டியில் சொல்லி வையுங்கள்.

ஒரே ஆளிடம் திரும்பத் திரும்ப நடந்தால்

ஒரு முடிவு தாமதமானால் அது சம்பவம். ஐந்து தாமதமானால் ஏற்பாட்டில் கோளாறு. பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே உள்ள வரிகளை எண்ணுங்கள். நிலுவையில் உள்ளதில் பாதி அவரிடமே இருந்தால் சுமை அதிகம், சிலவற்றை அவருக்கு அடுத்த நிலையில் உள்ள லீடுக்குக் கைமாற்றச் சொல்லுங்கள். வாரத்தில் இரண்டு நாள், அரை மணி நேரம், முடிவுகளுக்காக மட்டும் அவர் நேரத்தைப் பிடித்து வையுங்கள். ஸ்டேட்டஸ் பேச்சு அதில் வேண்டாம். என் அனுபவத்தில் இந்த அரை மணி நேரம் செய்யும் வேலையை ஐம்பது ரிமைண்டர் செய்வதில்லை.

அந்த மேனேஜர் வாடிக்கையாளர் தரப்பில் இருந்தால் உங்கள் பிடி ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஆவணம் கொடுத்து இத்தனை வேலை நாளுக்குள் பதில் வராவிட்டால் ஏற்றுக்கொண்டதாகக் கொள்ளப்படும் என்ற விதி பல ஒப்பந்தங்களில் உண்டு. கையெழுத்தாகும் முன் அது இருக்கிறதா என்று பாருங்கள். தாமதம் நடக்கும்போதே தேதி வாரியாகக் குறித்து வைத்து மாதாந்திரக் கூட்டக் குறிப்பில் ஏற்றிவிடுங்கள். கடைசியில் கூடுதல் நேரமும் பணமும் கேட்கும் சேஞ்ச் ரிக்வெஸ்ட் பேசும்போது மொத்தமாக எடுத்து வைத்தால் உறவுதான் கெடும்.

நீங்கள் அவருக்குக் கீழே வேலை செய்பவர் என்றால் படி 4 முழுவதும் உங்களுக்கானது. ஒரு பக்கம், பரிந்துரை, தேதி. அவரைத் தாண்டி பிஎம்ஓவுக்கு நேராகப் போகாதீர்கள், “அண்ணா, பிஎம்ஓ பதிவேட்டில் இதைச் சேர்த்துடலாமா?” என்று அவரையே கேளுங்கள். பெரும்பாலும் சரி என்றுதான் சொல்வார்.

அந்த நீல ஃபைலைப் பார்த்த மறுநாள் இரண்டு ஜெனரல் மேனேஜர்களையும் ஒரே அறையில் உட்கார வைத்தோம். மேண்டேட் டீமின் லீட் ஒரு பழைய எண்ணைப் போர்டில் எழுதி, அதற்கு வரும் ஒரு தவணைக் கோரிக்கை இரண்டு வழியிலும் எப்படிப் போகும் என்று வரைந்து காட்டினாள். ஆபரேஷன்ஸ் ஜிஎம் கேட்டது ஒரே கேள்வி: பழைய எண்ணைச் சொல்லிக்கொண்டு கிளைக்கு வரும் வாடிக்கையாளரைக் கவுண்டரில் திருப்பி அனுப்ப வேண்டியிருக்குமா? பழைய எண்ணைப் போட்டாலே புதுக் கணக்கு திரையில் வரும் என்று அவள் சொன்னதும், புது எண்ணுக்கு ஒத்துக்கொண்டார். மொத்தம் 40 நிமிடம். டேட்டா மைக்ரேஷன் மேனேஜர் அந்த முடிவை எழுதிய குறிப்பில் இருவரிடமும் கையெழுத்து வாங்கி, நீல ஃபைலில் மேலாக வைத்து மூடினார்.